வாயைக் கட்டு, வயிற்றைக் கட்டு என்போருக்கு ஒரு பதில்

ஒரு பஞ்சாலையில் நடந்த விஷயத்தைச் சொல்லி ஆரம்பிக்கிறேன். ஆலையின் பெயர் வேண்டாம். அதில் அடிபட்ட தோழரின் பெயரும் வேண்டாம். இதைப் படிக்கும் பலருக்கும் தங்கள் ஆலையில் நடந்தது போலவே தோன்றும்.

பகல் ஷிப்ட் முடிந்து வெளியே வந்தவர்களை நிர்வாகம் கேண்டீன் கூடத்தில் உட்கார வைத்தது. நகரத்திலிருந்து ஒரு பேச்சாளர் வந்திருந்தார். கழுத்திலே டை, கையிலே மைக், பக்கத்திலே ஒரு எடை மெஷின். அவர் பேசினார்: “உங்கள் உடம்பு ஒரு கம்பெனி. அந்தக் கம்பெனிக்கு நீங்கள்தான் முதலாளி. ஒரு நல்ல முதலாளிக்குள்ள தலைமைக் குணங்கள் உங்களிடம் இருந்தால், ஊக்கம் தானே பிறக்கும், கொழுப்பு தானே கரையும். கரையவில்லையா? உங்களிடம் உறுதியில்லை, ஒழுங்கில்லை என்று அர்த்தம்.”

பேசி முடித்ததும் ஒவ்வொருவராக மெஷின் மேல் ஏற்றி, எடையை மைக்கில் படித்தார்கள். ரிங் பிரேமில் சைடராக இருபது வருஷம் நின்ற ஒரு தோழர் ஏறினார். வயது 46. எடை 92 கிலோ. கூடம் சிரித்தது. மேஸ்திரி சிரித்தார், அதிகாரி சிரித்தார். சொல்ல வெட்கமாக இருக்கிறது, நம்மவர்களும் சிரித்தார்கள். மூன்று மாதத்தில் 15 கிலோ குறைத்தால் பரிசு என்று சொல்லி, அவர் பெயரையும் எடையையும் நோட்டீஸ் போர்டில் ஒட்டினார்கள்.

தோழர் முயற்சி செய்யாமல் இல்லை. இரவுச் சாப்பாட்டை நிறுத்தினார். பத்து நாள் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தார். பதினோராம் நாள் இரவு ஷிப்டில் பிரேம் அருகே தலை சுற்றிச் சாய்ந்தார். அன்று விடியற்காலை டீக்கடையில் நான்கு போண்டாவும் இரண்டு டீயும் சாப்பிட்டார். “நமக்கு உறுதி கிடையாது” என்று தனக்குத் தானே தீர்ப்பு எழுதிக்கொண்டார். அவ்வளவில் நின்றிருந்தாலும் பரவாயில்லை. காலில் ஒரு புண் ஆறாமல் இருந்தது. டாக்டரிடம் போகவில்லை. ஏன் போகவில்லை என்று பிறகு நான் கேட்டபோது சொன்னார்: “அங்கேயும் மெஷின் மேலே ஏறச் சொல்லுவாங்களே தோழர்!” கடைசியில் போனபோது சர்க்கரை எல்லை மீறியிருந்தது. கால் விரல் ஒன்றை எடுத்துவிட்டார்கள்.

எடையில் இரண்டு கிலோகூடக் குறையவில்லை. விரல் ஒன்று குறைந்தது.

இதற்கு யார் பொறுப்பு? உறுதியில்லாத சைடரா? அல்லது உறுதி, உறுதி என்று உபதேசம் செய்து, ஒரு மனிதனை அவமானத்தால் ஆஸ்பத்திரி வாசலிலிருந்தே துரத்திய அந்தத் ‘தலைமை’யா?

விஷயம் விளையாட்டல்ல

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். எடை கூடினால் கூடட்டும், அது பணக்காரன் வியாதி என்று நாம் வாதாடவில்லை. அந்தக் காலம் போயிற்று. தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு என்று ஒன்று உண்டு. 2015-16ல் எடுத்த கணக்கில் தமிழ்நாட்டுப் பெண்களில் 100-க்கு 31 பேர் மிகை எடை உள்ளவர்கள். 2019-21ல் எடுத்த கணக்கில் அது 40 ஆயிற்று. ஆண்களில் 28 என்பது 37 ஆயிற்று. நூற்றுக்கு நாற்பது பேர் பணக்காரர்களாக உள்ள மாநிலம் எங்கே இருக்கிறது? ஆகவே இந்த நாற்பதில் தறிக்காரர் வீடும் உண்டு, நடவுக்குப் போகும் சகோதரியும் உண்டு.

வயிற்றைச் சுற்றிச் சேரும் கொழுப்பு சும்மா கிடப்பதில்லை. சர்க்கரை வியாதியைக் கொண்டுவருகிறது, இரத்தக் கொதிப்பை ஏற்றுகிறது, முழங்காலைத் தேய்க்கிறது. நம் நாட்டவருக்கு இடுப்புச் சுற்று ஆணுக்கு 90 சென்டிமீட்டர், பெண்ணுக்கு 80 சென்டிமீட்டரைத் தாண்டினால் எச்சரிக்கை என்று வைத்தியர்கள் வகுத்திருக்கிறார்கள். உழைப்பை விற்றுப் பிழைக்கிறவனுக்கு உடம்புதான் மூலதனம். ஆகவே எடையைக் குறைக்க வேண்டியவர் குறைக்கத்தான் வேண்டும்.

எப்படிக் குறைப்பது, எந்தத் தலைமையின் கீழ் குறைப்பது என்பதில்தான் நமக்கும் அந்த டை கட்டிய கனவானுக்கும் சண்டை.

உறுதி இல்லையாம்!

பெருத்த உடம்புக்குக் காரணம் உறுதியின்மை என்கிறார்கள். இது உண்மையா? பரீட்சித்துப் பார்ப்போம்.

1944-ம் ஆண்டு நவம்பரில் அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்ற விஞ்ஞானி ஒரு பரிசோதனையைத் தொடங்கினார். 36 வாலிபர்கள் தாமாக முன்வந்தார்கள். அவர்கள் யார்? மனச்சாட்சிக்கு விரோதம் என்று சொல்லி, யுத்தத்தில் ஆயுதம் ஏந்த மறுத்தவர்கள். நாடு முழுவதும் யுத்த முழக்கம் செய்துகொண்டிருந்தபோது ‘மாட்டேன்’ என்று சொல்லத் துணிந்தவர்களைவிட உறுதியுள்ளவர்களை எங்கே போய்த் தேடுவது?

அவர்களுக்கு 24 வாரம் நாளொன்றுக்கு ஏறத்தாழ 1,600 கலோரி உணவு கொடுத்தார்கள். வாரத்துக்கு 35 கிலோமீட்டர் நடக்க வைத்தார்கள். எடை குறைந்தது; உடம்பில் கால் பங்கு போயிற்று. ஆனால் அந்த மனிதர்களுக்கு என்ன நேர்ந்தது? இரவெல்லாம் சோற்றுக் கனவு. சமையல் புத்தகங்களைச் சேர்த்து வைத்து வாசித்தார்கள். சிடுசிடுப்பு, சோர்வு, எதிலும் நாட்டமின்மை. சிலர் விதியை மீறித் திருட்டுத்தனமாகத் தின்றார்கள். பட்டினி முடிந்ததும் வயிறு நிறைந்த பிறகும் தின்றுகொண்டே இருந்தார்கள். பத்தாம் நாள் வரை தாங்கி, பதினோராம் நாள் நான்கு போண்டா சாப்பிட்ட நம் தோழர் கோழை என்றால், இவர்களும் கோழைகளா? இல்லை. பட்டினி போட்ட உடம்பு தன்னைக் காத்துக்கொள்ளப் போராடுகிறது. அது இயற்கையின் வேலை.

நம் காலத்துக்கு வருவோம். அமெரிக்காவில் எடை குறைப்பதையே போட்டியாக வைத்துத் தொலைக்காட்சியில் காட்டினார்கள். பயிற்சியாளர் காதருகே கத்த, போட்டியாளர் வியர்த்து ஓட, ஜனங்கள் கைதட்டினார்கள். 2009-ம் ஆண்டுப் போட்டியில் கலந்துகொண்டவர்களில் 14 பேரை ஆறு வருஷம் கழித்துப் பரிசோதித்து, 2016-ல் முடிவை வெளியிட்டார்கள். போட்டியில் சராசரி 58 கிலோ குறைத்தவர்கள், அதில் 41 கிலோவைத் திரும்பப் பெற்றிருந்தார்கள். அது மட்டுமா? சும்மா இருக்கும்போது அவர்கள் உடம்பு செலவழிக்கும் சக்தி, அந்த எடைக்கு இருக்க வேண்டியதைவிட நாளுக்குச் சுமார் 500 கலோரி குறைந்து போயிருந்தது. கத்தல் நின்றது, கைதட்டல் நின்றது. உடம்பின் எதிர்ப்பு மட்டும் ஆறு வருஷமாகியும் நிற்கவில்லை.

இன்னொரு சாட்சி. இன்று எடை குறைக்கும் ஊசி மருந்துகள் வந்திருக்கின்றன. குடலில் சுரக்கும் ஒரு ஹார்மோனைப் போல வேலை செய்து, பசியைத் தணிப்பவை அவை. யாருக்கு வேண்டும், யாருக்குக் கூடாது என்பது டாக்டர் சொல்ல வேண்டிய விஷயம். நான் கேட்பது ஒன்றே ஒன்று. பசி என்பது குணக்கேடு என்றால், அதை ஊசி எப்படித் தணிக்கிறது? கோழைக்கு ஊசி போட்டு வீரனாக்கியதாக யாராவது கேள்விப்பட்டதுண்டா?

சணல் ஆலை சொன்ன பாடம்

எல்லாம் அமெரிக்கக் கதையாக இருக்கிறதே என்று கேட்கலாம். நம் நாட்டு ஆலைத் தொழிலாளியைப் பற்றியே ஒரு ஆராய்ச்சி உண்டு. 1956-ல் வெளிவந்தது. ஜீன் மேயர் என்ற நிபுணரும் அவருடைய இந்தியச் சகாக்களும் மேற்கு வங்கத்தில் 213 ஆலைத் தொழிலாளரை எடுத்துக்கொண்டு, அவர்கள் என்ன சாப்பிடுகிறார்கள், எவ்வளவு எடை, என்ன வேலை என்று கணக்கிட்டார்கள். உட்கார்ந்தே வேலை செய்பவர் முதல் மிகக் கடுமையான உழைப்பாளி வரை அதில் இருந்தார்கள்.

கண்டது என்ன? உழைப்பு கூடக் கூட உணவும் கூடியது. எடை ஒரே நிலையில் நின்றது. உடம்பு தானே தராசு பிடித்துக்கொண்டது. ஆனால் உட்கார்ந்த வேலைக்காரரிடம் மட்டும் தராசு கெட்டுப் போயிருந்தது. உழைப்பு குறைந்தும் அவர்கள் உணவு குறையவில்லை, மாறாகக் கூடியிருந்தது. எடையும் கூடியிருந்தது.

இதை நம் ஊருக்குப் பொருத்திப் பாருங்கள். அன்று ஆளை வளைத்து வாங்கிய வேலையில் பாதியை இன்று மெஷின் செய்கிறது; ஆள் நின்று பார்த்துக்கொள்கிறான். வயலில் அறுவடை மெஷின் வந்துவிட்டது. நடவுக்கும் களைக்கும் சில வாரம் முதுகு ஒடிய வேலை. மீதி மாதங்களில் வேலை தேடி அலைகிறோம், அல்லது வீட்டில் உட்கார்ந்திருக்கிறோம். ஆனால் தட்டில் விழும் சோறு அதே அளவு. ரேஷன் அரிசி நம்மைப் பட்டினியிலிருந்து காத்தது. அதைக் கேலி பேசுகிறவன் பசியை அறியாதவன். ஆனால் பருப்பும் காயும் முட்டையும் கைக்கெட்டாத விலையில் நின்றால், சோற்றை வைத்தே வயிற்றை நிரப்ப வேண்டியிருக்கிறது. வேலையின் தன்மை மாறியது, உணவின் தன்மை மாறவில்லை. சதை போட்டதற்குக் காரணம் இதில் இருக்கிறது.

எந்தத் தலைமை?

சரி, ஊக்கமும் தலைமையும் தேவையில்லையா? கட்டாயம் தேவை. ஆறு மாதம், ஒரு வருஷம் நீடிக்க வேண்டிய காரியம் தலைமையில்லாமல் நடக்காது. கேள்வி, எந்த மாதிரித் தலைமை என்பதுதான்.

மேஸ்திரித் தலைமை ஒன்று உண்டு. அது கடிகாரத்தைப் பார்க்கும், ஆளைப் பார்க்காது. அளவு குறைந்தால் அபராதம் போடும், காரணம் கேட்காது. ‘உன் உடம்புக்கு நீயே முதலாளி’ என்ற உபதேசம் இந்த மேஸ்திரியை நம் தலைக்குள்ளேயே வேலைக்கு வைக்கிறது. நாமே நம்மைத் திட்டுகிறோம், நாமே நமக்கு அபராதம் போடுகிறோம், கடைசியில் நாமே கதவடைப்புச் செய்துவிட்டு மூலையில் உட்காருகிறோம்.

இந்த மேஸ்திரித் தலைமை பலன் தருமா என்பதற்கும் கணக்கு உண்டு. அமெரிக்காவில் ஒரு பெரிய வியாபாரக் கம்பெனியின் ஏறத்தாழ 33,000 தொழிலாளரை வைத்து ஆராய்ந்து, 2019-ல் முடிவை வெளியிட்டார்கள். சில கிளைகளில் ஆரோக்கியப் பாடம் நடத்தினார்கள். மற்றக் கிளைகளில் நடத்தவில்லை. 18 மாதம் கழித்து, பாடம் கேட்டவர்களில் அதிகம் பேர் “உடற்பயிற்சி செய்கிறோம், எடையைக் கவனிக்கிறோம்” என்று சொன்னார்கள். அளந்து பார்த்தால் எடையிலும் இரத்தக் கொதிப்பிலும் சொல்லத்தக்க வித்தியாசம் இல்லை! உபதேசம் வாயில் ஏறியது, உடம்பில் இறங்கவில்லை.

இதே அமெரிக்காவில் மேற்கு வர்ஜீனியா மாநிலத்தில் சர்க்கார் பள்ளி ஆசிரியர்களுக்கு 2018-ல் என்ன நடந்தது? கோ365 என்ற செயலியைப் போனில் ஏற்றிக்கொள்ள வேண்டும், நடந்த அடிகளைக் காட்ட வேண்டும், இல்லாவிட்டால் மருத்துவ இன்ஷூரன்ஸுக்கு மாதம் 25 டாலர் அதிகம் கட்ட வேண்டும் என்று ஏற்பாடு வந்தது. சம்பளத்தில் நாட்டிலேயே கடைசி வரிசையில் நின்றவர்களை, நடந்து காட்டு என்றார்கள். எதிர்ப்பு மூண்டதும் அந்த ஏற்பாடு கைவிடப்பட்டது. ஆனால் மூண்ட நெருப்பு அணையவில்லை. பிப்ரவரி 22-ல் மாநிலத்தின் 55 மாவட்டங்களிலும் பள்ளிகள் மூடின. பள்ளிச் சாப்பாட்டை நம்பியிருந்த குழந்தைகள் பட்டினி கிடக்கக்கூடாது என்று, வேலைநிறுத்தம் செய்தவர்களே உணவுப் பொட்டலம் கட்டிக் கொடுத்தார்கள். மார்ச் முதல் வாரத்தில் ஐந்து சதவீத ஊதிய உயர்வு பெற்றார்கள்.

கவனியுங்கள். அடிகளை எண்ணிய செயலியிடம் அவர்களுக்கு ஊக்கம் கிடைக்கவில்லை. தோள் கொடுத்த சகாக்களிடம் கிடைத்தது. குழந்தைக்குச் சோறு கட்டிய கையில் தலைமை இருந்தது.

சங்கம் நடத்துவது போல் நடத்துவோம்

தலைமைக் குணம் என்ன என்று நமக்குப் பாடம் சொல்ல வெளியாள் தேவையில்லை. நல்ல சங்கக் காரியதரிசி ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். அவர் செய்வதையே எடை விஷயத்திலும் செய்வோம்.

முதலாவது, அவர் நிலைமையை ஆராய்கிறார். துறை துறையாகப் போய் விசாரிக்காமல் அவர் கோரிக்கை எழுதுவதில்லை. நீங்களும் ஒரு வாரம் எதையும் மாற்றாமல், உண்பதையும் குடிப்பதையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். ஒரு உதாரணம். நாளைக்கு ஆறு டீ. ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்பூன் சர்க்கரை. ஒரு ஸ்பூன் ஐந்து கிராம் என்றால், நாளைக்கு 60 கிராம். மாதத்துக்கு 1,800 கிராம், அதாவது ஏறக்குறைய இரண்டு கிலோ சர்க்கரை! உலக சுகாதார ஸ்தாபனம் 2015-ல் சொன்ன வரம்பு நாளைக்குச் சுமார் 50 கிராம். 25-க்குள் நின்றால் இன்னும் நல்லது. இந்த 60 கிராமில் உள்ளது 240 கலோரி. ஒரு மணி நேர நடையில் செலவாவது ஏறத்தாழ அவ்வளவுதான். விசாரணை செய்யாதவர், சோற்றை நிறுத்திப் பட்டினி கிடப்பார். விசாரணை செய்தவர், டீயில் சர்க்கரையை முதலில் பாதியாக்குவார், ஒரு மாதம் கழித்து மீதியில் பாதியாக்குவார்.

இரண்டாவது, அவர் கிடைக்கக்கூடிய கோரிக்கையை வைக்கிறார். மூன்று மாதத்தில் 15 கிலோ என்பது வெறும் கோஷம். அமெரிக்காவில் சர்க்கரை வியாதியின் வாசலில் நின்ற 3,234 பேரை வைத்து நடத்தி, 2002-ல் வெளியான பெரிய ஆராய்ச்சியில், வைத்த இலக்கு எடையில் ஏழு சதவீதம் மட்டுமே. அத்துடன் வாரத்துக்கு 150 நிமிஷம் நடை. 92 கிலோ தோழருக்கு அது ஆறரைக் கிலோ. இந்தச் சின்னக் கோரிக்கை வைத்த பிரிவில் சர்க்கரை வியாதி வருவது 58 சதவீதம் குறைந்தது. மருந்து கொடுத்த பிரிவில் குறைந்தது 31 சதவீதம். சின்ன வெற்றி அடுத்த வெற்றிக்குத் தைரியம் தருகிறது. ஊக்கம் பிறக்கும் வழி இதுதான்.

மூன்றாவது, அவர் ஒழுங்காகக் கணக்கு வைக்கிறார். ஆனால் ஒரே ஒரு கணக்கைப் பார்த்து இடிந்து போவதில்லை. சென்னையில் டாக்டர் ராமச்சந்திரன் தலைமையில் 531 பேரை வைத்து நடந்த ஆராய்ச்சி 2006-ல் வெளிவந்தது. உணவும் நடையும் திருத்திய பிரிவில் எடை மெஷின் முள் அதிகம் அசையவில்லை. அப்படியும் மூன்று வருஷத்தில் என்ன நடந்தது? ஒன்றும் செய்யாத பிரிவில் 100-க்கு 55 பேருக்கு சர்க்கரை வியாதி வந்தது. திருத்திய பிரிவில் 39 பேருக்கு வந்தது. அந்தப் பேச்சாளர் மெஷினைப் பார்த்து ‘தோல்வி’ என்று மைக்கில் அறிவித்திருப்பார். ஆனால் நூற்றுக்குப் பதினாறு பேர் தப்பினார்கள்! ஆகவே எடையுடன் இடுப்புச் சுற்றையும் மாதம் ஒரு முறை நாடாவால் அளந்து எழுதுங்கள். நடந்த நிமிஷங்களை எழுதுங்கள். சர்க்கரையையும் இரத்தக் கொதிப்பையும் பரிசோதித்து எழுதுங்கள்.

நான்காவது, அவர் தனியாகப் போவதில்லை. தனி ஆளாக மானேஜர் அறைக்குப் போனவர் கதை நமக்குத் தெரியும். மேலே சொன்ன 2002 ஆராய்ச்சியில் முதல் 24 வாரத்தில் ஒவ்வொருவருக்கும் 16 பாடங்கள், பக்கத்தில் உட்கார்ந்து பேச ஒரு ஆள். உறுதி மட்டும் போதுமென்றால் அந்த ஆள் எதற்கு? நமக்கு அப்படிச் சம்பளத்துக்கு ஆள் கிடையாது, தோழர்கள் உண்டு. ஒரே லைனில் குடியிருக்கும் ஐந்து பேர் சேர்ந்து விடியற்காலை அரை மணி நடக்கலாம். ஒருவர் வராவிட்டால் மற்றவர் கதவைத் தட்டலாம். டீக்கடைக்காரரிடம் ஐந்து பேரும் சேர்ந்து, “அண்ணே, சர்க்கரை கம்மியா போடுங்க, போண்டாவோட சுண்டலும் வையுங்க” என்று சொன்னால், அவர் சுண்டல் போடாமல் என்ன செய்வார்?

ஐந்தாவது, பின்வாங்க நேர்ந்தால் அவர் சிதறுவதில்லை. வேலைநிறுத்தம் ஒன்று தோற்றால் சங்கத்தையா கலைக்கிறோம்? எங்கே பிசகினோம் என்று பேசி, அடுத்ததற்குத் தயாராகிறோம். தீபாவளி வரும், கோவில் கொடை வரும், கல்யாண விருந்து வரும், ஓவர்டைம் வரும். ஒரு வாரம் கை தவறும். தவறட்டும். மறு வாரம் நோட்டை எடுத்து விட்ட இடத்திலிருந்து எழுதுங்கள். ‘எல்லாம் போச்சு’ என்பது மேஸ்திரியின் குரல். அதற்குச் செவி கொடுக்காதீர்கள்.

ஒரு எச்சரிக்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் பட்டினி இருக்கக்கூடாது. மயங்கி விழ நேரிடும், மெஷின் அருகே விழுந்தால் உயிருக்கே ஆபத்து. ‘ஒரே மாதத்தில் பத்து கிலோ’ என்று விளம்பரம் செய்யும் பொடிகளுக்கும் தைலங்களுக்கும் ஒரு பைசாவும் கொடுக்காதீர்கள்.

உடம்புக்கு வெளியே உள்ள கணக்கு

இவ்வளவும் நாம் செய்ய வேண்டியது. ஆனால் எல்லாமே நம் கையில் இருக்கிறதா?

இரவு ஷிப்ட் முடிந்து வருகிறவன் பகலில் தகரக் கூரையின் கீழ் நான்கு மணி நேரம் தூங்குகிறான். தூக்கம் குறைந்தால் பசி கூடுகிறது என்பது பரிசோதனையில் கண்ட உண்மை. வாரத்துக்கு வாரம் ஷிப்ட் மாற்றினால் உடம்புக்கு இரவு எது, பகல் எது என்றே தெரிவதில்லை. கேண்டீனில் கிடைப்பது எண்ணெய்ப் பலகாரம் மட்டும் என்றால், தொழிலாளி எதைத் தேர்ந்தெடுப்பான்? அமெரிக்காவில் 2019-ல் வெளியான ஒரு சோதனையில் 20 பேரை இரண்டு வாரம் ஆலைகளில் பதப்படுத்திய பாக்கெட் உணவிலும், இரண்டு வாரம் சாதாரணச் சமையலிலும் வைத்து, விருப்பம் போல் சாப்பிடச் சொன்னார்கள். பாக்கெட் உணவில் அவர்கள் நாளைக்குச் சுமார் 500 கலோரி அதிகம் சாப்பிட்டார்கள். ஆட்கள் அதே ஆட்கள், உறுதி அதே உறுதி. தட்டில் இருந்ததுதான் மாறியது.

ஆகவே தட்டை மாற்றக் கேட்பது சங்கத்தின் வேலை. 1948-ம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டத்திலே, 250 தொழிலாளருக்கு மேல் உள்ள ஆலையில் கேண்டீன் வேண்டும் என்றும், ஐந்து மணி நேரத்துக்கு மேல் இடைவேளையில்லாமல் வேலை வாங்கக்கூடாது, அரை மணியாவது ஓய்வு வேண்டும் என்றும் எழுதப்பட்டது. இவை யாரும் தானமாகத் தந்தவை அல்ல. அந்த உரிமையின் உள்ளடக்கத்தை இன்று நாம் விரிவாக்க வேண்டும். கேண்டீனில் பருப்பும் காயும் முட்டையும் மலிவாகக் கிடைக்க வேண்டும். அவசரமாக விழுங்காமல் உட்கார்ந்து சாப்பிட நேரம் வேண்டும். ஷிப்ட் மாற்றம் முறையாக, முன்கூட்டித் தெரிவித்து நடக்க வேண்டும். எடையும் சர்க்கரையும் பார்ப்பது டாக்டருக்கும் தொழிலாளிக்கும் இடையே உள்ள ரகசியமாக இருக்க வேண்டும். நோட்டீஸ் போர்டுக்கு அங்கே வேலை இல்லை. கிராமத்தில் ரேஷன் கடையில் அரிசியோடு பருப்பும் சிறுதானியமும் போதுமான அளவு கிடைக்க வேண்டும்.

“அப்படியானால் தனி மனிதனுக்குப் பொறுப்பே இல்லையா?” என்று கேட்பார்கள். இருக்கிறது. டீயில் சர்க்கரையைக் குறைப்பது என் பொறுப்பு. ஆனால் என் பொறுப்பைக் காட்டித் தன் பொறுப்பை மறைக்கிறவரை நான் விடமாட்டேன்.

நம் மீதும் ஒரு விமர்சனம்

வெளியாரைக் கண்டித்தால் போதாது. அந்தக் கேண்டீன் கூடத்தில் நாமும் சிரித்தோம். பருத்த தோழரைப் பட்டப் பெயர் வைத்துக் கூப்பிடுகிறோம். கூட்டத்துக்குக் கூட்டம் வடையும் டீயும் வாங்கி வைப்பவர்களும் நாம்தான். இது முதல் குற்றம்.

இரண்டாவது குற்றம் வீட்டில் நடக்கிறது. எல்லோருக்கும் பரிமாறிவிட்டு, கடைசியில் உட்கார்ந்து, மீந்த சோற்றை வீணாக்கக்கூடாதே என்று தின்று முடிக்கிறவள் யார்? ஆலையிலோ வயலிலோ வேலை செய்துவிட்டு வந்து, அடுப்படியில் இன்னொரு ஷிப்ட் பார்க்கிறவள் யார்? நாம் விடியற்காலை நடக்கப் போகும்போது, அந்த அரை மணியில் தண்ணீர் பிடித்து, டீ போட்டு, பிள்ளையைக் கிளப்புகிறவள் அவள். அவள் எப்போது நடப்பாள்? நூற்றுக்கு நாற்பது என்ற கணக்கு பெண்களுடையது என்பதை மறக்க வேண்டாம். நாம் நடந்து வந்தபின் அடுப்பை நாம் பார்த்துக்கொண்டு அவளை நடக்க அனுப்புவோம். தலைமைக் குணத்தை அங்கே காட்டுவோம்.

அந்த சைடர் தோழர் இப்போது எப்படி இருக்கிறார்? கால் புண் ஆறிவிட்டது. டாக்டர் சொன்ன உணவும் மருந்தும் எடுக்கிறார். ஆறிய காலோடு மெதுவாக நடக்கிறார். கூட நான்கு பேர் நடக்கிறார்கள். அந்த நால்வரில் மூவர் அன்று கூடத்தில் சிரித்தவர்கள். எட்டு மாதத்தில் ஐந்து கிலோ குறைந்திருக்கிறது. யாரும் அதை மைக்கில் அறிவிக்கவில்லை. அவர் நோட்டில் எழுதியிருக்கிறது.

தோழர்களே! ஒரு நோட்டு வாங்குங்கள். ஐந்து பேர் சேருங்கள். பருத்தவரைப் பார்த்துச் சிரிப்பதை இன்றோடு நிறுத்துங்கள். அடுத்த சங்கக் கூட்டத்தில் கேண்டீன் தட்டைப் பற்றி ஒரு தீர்மானம் கொண்டுவாருங்கள். அந்தக் கூட்டத்துக்கு வடைக்குப் பதில் சுண்டல் வாங்கி வையுங்கள்!